தில்லி: காணும் முறையும் கண்ட வகையும்

"தில்லிக்கு ராசாவானாலும் தாய்க்குப் பிள்ளைதான்" என்று நம் ஊர்ப்புறங்களில் ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. தில்லியைக் கண்ணால் கண்டறியாத மக்கள், எட்டாத உயரத்தைச் சுட்டுதற்கு அப்பெயரையே எடுத்தாண்டனர். செஞ்சித் தேசிங்கு ராசன் கதைப்பாடலிலும், எவராலும் அடக்க இயலாத குதிரையை அடக்குதற்கு இளைஞனாகிய தேசிங்கு தில்லிப் பாதுசாவிடமன்றோ செல்கின்றான்! தேசிங்கையும் அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்கானையும் கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குத் தில்லி என்பது ஊரன்று, ஒரு சொல்லே. அச்சொல்லை ஊராகக் காணும் வாய்ப்பு இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் வாய்த்திருக்கின்றது. அரையாண்டு விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் நம் பகுதியினின்று தில்லி நோக்கிச் செல்லும் குடும்பங்கள் பலவாகும்.

சென்று வந்தோரிடம் "என்ன கண்டீர்கள்?" என்று வினவின், "குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில்" என்று ஒரு பட்டியலை ஒப்புவிப்பர். எது முந்தியது, எது பிந்தியது, ஏன் ஒரே ஊரில் இத்தனை கோட்டைகள் என்று மேலும் வினவின் விடை வாராது. பிறரைக் குறை கூறுவான் புகுந்தோமல்லோம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் எம் குடும்பத்தோடு தில்லிக்குச் சென்ற யாமும் முதல் நாளில் அந்நிலையிலேயே இருந்தோம். அந்த ஒரு நாளின் இழப்பே இக்கட்டுரைக்கு வித்து.

சென்னையினின்று தில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு இரவும் இடையில் ஒரு பகலுமாகத் தொடர்வண்டி ஓடுகின்றது. கிருஷ்ணை, கோதாவரி, நருமதை, சம்பல் என ஆறுகளைக் கடந்து செல்லும் அப்பயணமே பிள்ளைகட்கு ஒரு நிலநூற்பாடமாகும். டிசம்பரில் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வடபுலத்து மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாழ்த்தே வந்து சேரும். யாமும் அவ்வாறே தாழ்த்துச் சேர்ந்தோம். எம்முடன் வந்தவர்கள் இல்லத்தரசி, மேனிலைப் பள்ளியில் பயிலும் மகன், ஏழாம் வகுப்பு மகள், எழுபத்தெட்டு வயது நிரம்பிய எம் தாயார். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு; கையில் ஊன்றுகோல் உண்டு.

மறுநாள் காலை ஒரு சுற்றுலாப் பேருந்தில் ஏறினோம். ஒரே நாளில் ஒன்பது இடம் என்பது ஏற்பாடு. அன்று திங்கட்கிழமை. திங்களன்று செங்கோட்டை பூட்டியிருக்கும் என்பதையோ, தேசிய அருங்காட்சியகமும் தாமரைக் கோயிலும் காந்தி நினைவகமும் அன்றைக்கே விடுமுறை கொள்ளும் என்பதையோ யாம் முன்னரே கேட்டறிந்தோமில்லை. பேருந்தின் சாளரத்தின் வழியே செங்கோட்டையின் மதில் காட்டப்பெற்றது. திறந்திருந்த இடங்களில் இருபது நிமிடம் என்று குரல் வரும், இறங்கி ஓடுவோம், படம் எடுப்போம், ஓடி வந்து ஏறுவோம். தாயார் மூன்றாவது இடத்திற்குப் பிறகு இறங்கவேயில்லை.

இரவு விடுதியில் மகள் தன் குறிப்பேட்டை விரித்துக்கொண்டு, "குதுப்மினார் முதல்ல கட்டினதா, செங்கோட்டை முதல்லயா வாப்பா?" என்று கேட்டாள். விடை தெரியும், ஆனால் இடையில் எத்தனை ஆண்டு, அவ்வாண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்று அவள் தொடர்ந்து கேட்டவற்றுக்கு எம்மிடம் ஒழுங்கான விடையில்லை. தாயாரிடம் "உம்மா, என்ன பாத்தீங்க?" என்றோம். "பஸ்ஸைப் பாத்தேன்" என்றார். சினமில்லாமல், உள்ளதை உள்ளவாறே கூறினார்.

அன்றிரவே எஞ்சிய நான்கு நாள்களின் ஏற்பாட்டையும் மாற்றினோம். இரண்டே விதிகள். ஒன்று, தில்லியைக் கால வரிசையிற் காண்பது. மற்றொன்று, எம்முள் மிக மெல்ல நடப்பவரின் நடைக்கு ஏற்பக் காண்பது. முதல் விதி மகளுக்காக, இரண்டாவது தாயாருக்காக. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் என்று அஞ்சினோம், முரணவில்லை.

ஓர் ஊரன்று, பல ஊர்

தில்லி என்பது ஓர் ஊரன்று. அடுத்தடுத்து எழுப்பப்பெற்று, அடுத்தடுத்துக் கைவிடப்பெற்ற நகரங்களின் வரிசை. மரபாக ஏழு நகரம் என்பர்: மெஹ்ரௌலிப் பகுதியிலிருந்த பழைய நகரம், சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, ஃபிரோசாபாத், இன்று புராணா கிலா நிற்குமிடத்து நகரம், ஷாஜகானாபாத். ஆங்கிலேயர் எழுப்பிய புது தில்லி எட்டாவது. இவற்றின் பெரும்பகுதியை வரைபடத்தில் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மிகப் பழையது தென்கோடியில், ஆற்றினின்று விலகி, பாறை மேட்டில் இருக்கின்றது. காலம் செல்லச் செல்ல நகரம் வடக்கும் கிழக்குமாக நகர்ந்து யமுனைக் கரையைச் சேர்கின்றது. மேட்டில் பகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர்க்கு அஞ்ச வேண்டும். ஆற்றங்கரையில் இது தலைகீழாகும். ஏரியும் குளமும் தூர்ந்துபோன ஊரில் வாழ்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தில்லி மெட்ரோ 2002 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பெற்றது. அதன் மஞ்சள் வழித்தடம் குதுப்மினார் நிலையத்தையும் சாந்தினி சௌக் நிலையத்தையும் ஒரே கோட்டில் இணைக்கின்றது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஒரு மணி நேரத்திற்குள் கடக்கும் வண்டி அது. நிலையந்தோறும் மின்தூக்கி உண்டு. பேருந்தில் ஏறவொண்ணாத தாயார் மெட்ரோவில் எளிதில் ஏறி இறங்கினார். முதல் விதியும் இரண்டாம் விதியும் கைகோத்த இடம் இதுவே.

மெஹ்ரௌலியில் அரைநாள் முழுதும் இருந்தோம். குதுப்மினாரைக் குத்புதீன் ஐபக் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கினார். இல்துத்மிஷ் மேல்நிலைகளைக் கட்டினார். மின்னல் தாக்கிச் சிதைந்த மேற்பகுதியை 1368இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். கீழ் மூன்று நிலை செம்மணற்கல். மேலிரண்டில் வெண்சலவைக்கல்லும் கலந்திருக்கக் காணலாம். உயரம் 72.5 மீட்டர். ஏறிச் செல்ல 379 படிகள் உள. ஆயின் 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், உயிரிழந்தனர். அதன்பின் பொதுமக்களை ஏறவிடுவதில்லை. அருகே புல்வெளியில் தனியே நிற்கும் ஒரு சிறு மண்டபத்தைப் பலரும் கவனியாது செல்வர். நிலநடுக்கத்திற்குப் பின் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1828இல் மினாரின் தலையில் ஏற்றிவைத்த முடி அது. பொருந்தாமை கண்டு 1848இல் இறக்கிவைத்துவிட்டனர். அரசின் பிழையொன்றை எவரும் மறைக்காமல் புல்வெளியில் வைத்துக் காட்டுவது அரிதே.

மினாரை ஒட்டிய பழைய பள்ளிவாசலின் தூண்களில் மணியும் சங்கிலியும் மலரும் செதுக்கப்பட்டிருந்தன. "இது கோயில் தூண் மாதிரி இருக்கே?" என்றான் மகன். ஆம், கோயில் தூணேதான். 27 கோயில்களின் பொருள்கள் இதற்குப் பயன்பட்டன என்று அதன் கிழக்கு வாயிற் கல்வெட்டே கூறுகின்றது. அதனை அவனிடம் மறைத்தோமில்லை. வெற்றி பெற்ற மன்னர் தோற்றோரின் கட்டடங்களைச் சிதைத்தல் அக்காலத்துப் பல நாட்டிலும் நிகழ்ந்தது. அதனைச் சரி என்று சொல்லவும் வேண்டா. நடக்கவில்லை என்று சொல்லவும் வேண்டா. கல்லிலே எழுதியிருப்பதைத் தந்தை மறைத்தால், பின்னொரு நாள் வேறொருவர் வேறொரு நோக்கத்தோடு அதனைப் பிள்ளைக்குச் சொல்வார்.

அப்பள்ளிவாசலின் முற்றத்தில் நிற்கும் இரும்புத்தூண் குப்தர் காலத்தது. 7 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். ஆறு டன்னுக்கு மேல் எடை. ஆயிரத்தறுநூறு ஆண்டுக்காலம் மழையிலும் வெயிலிலும் நின்றும் துருவேறி அழியவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகிக் காக்கின்றது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். பின்புறமாகக் கைகளைக் கோத்துத் தூணைத் தழுவினால் நினைத்தது நடக்கும் என்று பன்னெடுங்காலம் மக்கள் தழுவியதால் அதன் அடிப்பகுதி தேய்ந்தது. இப்போது வேலி உள்ளது.

இவ்விடத்தே தமிழர் நினைக்க வேண்டிய ஒருவர் உண்டு. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1334 அளவில் தில்லிக்கு வந்து, முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணிபுரிந்தார். மதுரையில் 1330களில் தனியரசு தொடங்கிய ஜலாலுதீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர் அவர். பின்னர்க் கடல்வழியே தமிழகக் கரைக்கும் வந்து, மதுரையையும் கண்டு எழுதினார். மதுரை அகன்ற தெருக்களை உடையதென்றும், தம் மாமனார் அதனைத் தில்லியைப் போல் அமைத்தாரென்றும் அவர்தம் பயணநூல் கூறுகின்றது. நாம் தில்லியை வியந்து நோக்குகின்றோம். தில்லியைக் கண்ட ஒருவர் நம் மதுரையில் நின்று தில்லியை நினைத்திருக்கின்றார்.

ஒரு தூணின் பயணம்

சிரி நகரின் மதில்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆனால் அந்நகர்க்கு அலாவுதீன் கில்ஜி வெட்டுவித்த ஏரியாகிய ஹௌஸ் காஸ் இன்றும் உளது. தூர்ந்துபோன அதனைத் தூர்வாரி, அதன் கரையில் 1352இல் ஒரு மதரஸாவை எழுப்பினார் ஃபிரோஸ் ஷா. நீரை நோக்கித் திறந்த சாளரங்களுடைய கல்விக்கூடம் அது. வகுப்பறையை ஏரிக்கரையில் வைத்தவர் ஆசிரியரின் அருமையை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். அம்மன்னரின் கல்லறையும் அக்கூடத்தின் மூலையிலேயே உள்ளது. துக்ளகாபாத்தை யாம் தொலைவினின்று கண்டதோடு அமைந்தோம். ஏறும் வழி தாயாருக்கு ஒவ்வாது. கியாசுதீன் துக்ளக் 1321இல் தொடங்கிய அப்பெருங்கோட்டையில் நெடுநாள் எவரும் வாழவில்லை. படையெடுப்பு முடித்துத் தில்லிக்குத் திரும்பிய அவர், ஊர் புகுமுன்னரே 1325இல் மரப்பந்தல் சரிந்து இறந்தார். "தில்லி இன்னும் தொலைவில் இருக்கிறது" என்று அவரைக் குறித்து நிஜாமுதீன் அவுலியா கூறியதாக ஒரு வழக்கு உண்டு. அதே 1325இல் நிஜாமுதீனும், அவர்தம் மாணவரான கவிஞர் அமீர் குஸ்ருவும் மறைந்தனர். மூவருள் மக்கள் இன்றும் நாடிச் செல்வது எவருடைய அடக்கவிடத்தை என்பதை அவ்வூர்ச் சந்துகளின் நெரிசலே சொல்லும்.

பட்டியலில் எவரும் சேர்க்காததும், எம் பயணத்தில் யாம் நெடுநேரம் செலவிட்டதும் ஃபிரோஸ் ஷா கோட்லாவாகும். பெயர் கேட்டோர் கிரிக்கெட்டு மைதானம் என்றே நினைப்பர். மைதானத்தை ஒட்டி, 1354இல் ஃபிரோஸ் ஷா யமுனைக் கரையில் எழுப்பிய கோட்டையின் சிதைவுகள் உள்ளன. அங்கே படிபடியாய் உயரும் ஒரு கட்டடத்தின் உச்சியில் 13 மீட்டர் அளவுள்ள ஒரே கல்லாலான தூண் நிற்கின்றது. அது அசோகருடையது. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரினின்று ஃபிரோஸ் ஷா அதனைப் பெயர்த்துக் கொணர்ந்தார்.

கொணர்ந்த வகையை ஷம்ஸ் ஸிராஜ் அஃபீஃப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். தூண் சாயும்போது உடையாதிருக்க அதனைச் சுற்றி இலவம்பஞ்சை மலைபோற் குவித்தனராம். தூண் மெத்தைமேற் சாய்ந்தது. பின் பஞ்சைச் சிறிது சிறிதாக உருவித் தரையிற் கிடத்தினர். நாணலாலும் பதனிடாத தோலாலும் முடிமுதல் அடிவரை சுற்றினர். 42 சக்கரமுடைய வண்டி ஒன்று செய்து, சக்கரந்தோறும் கயிறு கட்டி, ஆயிரக்கணக்கான ஆள்கள் இழுத்து யமுனைக்குக் கொண்டு வந்தனர். ஆங்குப் பெரும்படகுகளில் ஏற்றித் தில்லியில் இறக்கினர். அப்போது தமக்கு வயது பன்னிரண்டு என்று அஃபீஃப் குறிப்பிடுகின்றார். எம் மகளுக்கும் அதே வயது. அதுவரை குறிப்பேட்டில் ஆண்டுகளை மட்டும் எழுதி வந்தவள், அன்று வண்டியின் படம் வரைந்தாள்.

தூணிலுள்ள எழுத்து யாதென்று ஃபிரோஸ் ஷா அறிஞர்களை வரவழைத்துக் கேட்டார். ஒருவராலும் படிக்க இயலவில்லை. படிக்க இயலாத எழுத்தை, தம் சமயத்ததல்லாத தூணை, அழியாமற் கொணர்ந்து உயரத்தில் நிறுத்தினார் அம்மன்னர். மெஹ்ரௌலியில் கண்டது ஒரு வகை. ஈண்டுக் கண்டது மற்றொரு வகை. இரண்டையும் ஒருசேரக் கண்டாலன்றி அக்காலத்தை அறிந்தவராக மாட்டோம். அவ்வெழுத்தை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தார். அது பிராமி. அவ்வெழுத்துப் படிக்கப்பட்டதன் பயனாகவே, அசோகரின் கிர்நார்ப் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்னும் பெயர்கள் உலகுக்குத் தெரியவந்தன. மாங்குளத்துக் குகைகளில் தமிழ் பேசும் எழுத்தும் அதன் இனத்ததே. தமிழ்த்துறை மாணவர் எவரேனும் தில்லி செல்லின், தாமரைக் கோயிலை விடுத்தாலும் இத்தூணை விடுதல் வேண்டா.

ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் தாயார் மர நிழலில் அமர்ந்துகொண்டார். யாம் சுற்றி வந்தோம். மன்னரின் மனைவி எழுப்புவித்த கட்டடம் அது, 1570 அளவில் முடிந்தது, தாஜ்மகாலுக்கு முன்னோடி. 1857 எழுச்சி வீழ்ந்தபோது கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா இவ்விடத்தே புகலடைந்து பிடிபட்டார். 1862இல் ரங்கூனில் இறந்தார். தில்லிக்கு ராசாவாக இருந்தவருக்குத் தில்லி மண்ணில் ஆறடி கிட்டவில்லை.

ஷாஜகானின் நகரத்தில் ஒரு நாள் முழுவதும் கழிந்தது. செங்கோட்டை 1639இல் தொடங்கி 1648இல் முடிந்தது. அன்று மதிலடியில் ஓடிய யமுனை இன்று கிழக்கே விலகிவிட, இடையில் சாலை ஓடுகின்றது. உள்ளே சலவைக்கல் வாய்க்கால்களைக் காணலாம், தண்ணீர் இல்லை. 1857க்குப் பின் உள்ளிருந்த கட்டடங்களுட் பெரும்பாலானவற்றை ஆங்கிலேயர் இடித்துப் படைவீடு கட்டினர். எஞ்சியதையே நாம் கண்டு வியக்கின்றோம். இத்தகைய பெருங்கோட்டைகளில் நடக்கவியலாதோர்க்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பெறலாம். முதல் நாள் இது தெரியாமற் போயிற்று. தாயார் முதலில் மறுத்தார். பெயரன் தள்ளுவான் என்றதும் அமர்ந்தார். சாந்தினி சௌக்கை வகுத்தவர் ஷாஜகானின் மகள் ஜஹனாரா. நடுவிலிருந்த குளத்தில் நிலவொளி விழுந்தமையால் அப்பெயர் என்பர். குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. பெயரில் மட்டும் நிலவு உண்டு. ஜஹனாராவோ, நிஜாமுதீன் வளாகத்தில், மேலே கல் மூடாது புல் முளைத்த எளிய அடக்கவிடத்தில் உறங்குகின்றார்.

ஜாமிஆ மஸ்ஜித் 1656இல் முடிந்தது. முதியோரை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு கணக்கு: கிழக்கு வாயிலில் 35 படி, வடக்கில் 39, தெற்கில் 33. தெற்கு வாயிலையே தெரிந்தெடுத்தோம். ஏழெட்டுப் படிக்கொருமுறை நின்று நின்று ஏறினார் தாயார். மேலே முற்றத்தின் விரிவைக் கண்டதும், "நம்மூரு முழுக்க வந்தாலும் இடம் மிஞ்சுமே" என்றார். இருபத்தையாயிரம் பேர் தொழுதற்கு இடமுண்டு. கீழே சந்தில் கிடைத்த நிஹாரி பிள்ளைகட்குப் பிடித்தது. தாயார் எம் இல்லத்தரசி கட்டிக் கொணர்ந்த பொடியைத் தயிர்ச் சோற்றில் இட்டுக்கொண்டு நிறைவடைந்தார். குடும்பச் சுற்றுலாவில் ஆடவர்க்கு விடுமுறை உண்டு. பெண்டிர்க்கு அடுக்களை மட்டுமே மாறுகின்றது என்று இல்லத்தரசி கூறியதையும் ஈண்டுப் பதிவு செய்தல் நேர்மையாகும்.

இறுதி நாள்

1911 டிசம்பர் 12 அன்று தில்லித் தர்பாரில் தலைநகர் கல்கத்தாவினின்று மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். லுட்யன்ஸ், பேக்கர் என்னும் இருவர் வகுத்த புது தில்லி 1931இல் திறந்து வைக்கப்பெற்றது. பதினாறே ஆண்டுகளில் கட்டியவர் வெளியேறினர். 42 மீட்டர் உயர இந்தியா கேட்டில் போர்களில் மாண்ட வீரர்களின் பெயர்கள் 13,000க்கு மேல் வெட்டப்பட்டுள்ளன. யாம் சென்றபோது அதனடியில் அமர் ஜவான் சுடர் எரிந்தது. 2022இல் அச்சுடர் அருகிலுள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்க்கப்பெற்றது. யாம் நடந்த ராஜபாதை அவ்வாண்டிலேயே கர்த்தவ்ய பாதை ஆயிற்று. யாம் கண்ட வட்ட வடிவ நாடாளுமன்றத்தின் அருகே 2023 மே மாதத்தில் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. பழைய கட்டடத்தின் அருகே புதியது எழுவது தில்லிக்குப் புதிதன்று.

மாலை நான்கு மணியளவில் காந்தி நினைவகத்தை அடைந்தோம். முன்னாளில் பிர்லா மாளிகை எனப்பட்டது அது. அண்ணல் தம் வாழ்வின் இறுதி 144 நாள்களை அங்கே கழித்தார். 1948 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை மாலை, தம் அறையினின்று வழிபாட்டுத் திடலுக்கு நடந்து வருகையிற் சுடப்பெற்றார். அறையிலிருந்து அவ்விடம் வரை அவர்தம் அடிச்சுவடுகளைப் போன்று வார்த்துப் பதித்துள்ளனர். முடிவில் ஒரு சிறு தூண்.

யாம் சக்கர நாற்காலி கேட்கப் போனோம். "வேணாம்" என்றார் தாயார். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, சுவடுகளை மிதியாமல், அவற்றின் ஓரமாகவே ஒவ்வோர் அடியாய் நடந்தார். மகள் கூடச் சென்றாள். நெடுநேரம் ஆயிற்று. தூணருகே நின்று "இங்கதானா?" என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. காவலர் மூடும் நேரம் என்று சைகை காட்டும்வரை அங்கிருந்த இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்.

அன்றிரவு ஊர் திரும்பும் வண்டியில், பனியில் எங்கோ வண்டி நின்றுவிட்ட பொழுதில், தாமாகவே பேசத் தொடங்கினார். அண்ணல் சுடப்பட்ட நாளில் அவருக்கு எட்டு வயது. அவருடைய தந்தையார், எம் பாட்டனார், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். தெருவில் வானொலிப் பெட்டி அரிசி மண்டியில் ஒன்றே ஒன்று. மக்ரிபு வேளையில் செய்தி வந்தது. சுட்டவன் யார் என்பது உடன் வரவில்லை. "வாப்பா கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தாக. வாசக் கதவத் தாழ்ப்பாள் போட்டு, விளக்கை அணைச்சு, எங்க எல்லாரையும் உள் அறையில உக்கார வெச்சாக. தம்பி கைப்பிள்ளை, அழுதுறக் கூடாதுன்னு உம்மா அவன் வாயப் பொத்திக்கிட்டே இருந்தாக. யாரு சுட்டதுன்னு தெரியாதுல்ல."

எத்தனை நேரம் அவ்வாறு இருந்தார்களோ, அவருக்கு நினைவில்லை. கதவு தட்டப்பட்டது. எவரும் எழவில்லை. மீண்டும் தட்டப்பட்டது. அரிசி மண்டிக்காரர் அரிக்கேன் விளக்கோடு தாமே வந்திருந்தார். "பாய், கதவத் திறங்க. ரேடியோவுல சொல்லிட்டான். சுட்டவன் உங்க ஆள் இல்ல" என்றாராம்.

"வாப்பா கதவத் திறந்தாக. ரெண்டு பேரும் வாசப்படியிலயே உக்காந்து அழுதாக. வாப்பா அழுது நான் பாத்தது அன்னிக்கு ஒருநாள்தான்."

எழுபது ஆண்டாக இதனை அவர் எம்மிடம் சொன்னதில்லை. யாமும் கேட்டதில்லை. மேல்படுக்கையினின்று இறங்கி வந்து அமர்ந்திருந்த மகள், "அந்த மண்டிக்காரர் பேரு என்ன வாப்பும்மா?" என்றாள். தாயார் பெயரைச் சொன்னார். ஊரையும் சொன்னார். மகள் குறிப்பேட்டைத் தேடி எடுத்து, தில்லிக் கணக்கின் கடைசிப் பக்கத்தில் அதனை எழுதிக்கொண்டாள்.